வரைபடத்தில் ஒரு விரல் அகலம்

ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், பயண முகவரான என் மேசை முன் உட்கார்ந்ததும் கைப்பேசியில் வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள். "சிட்னி, மெல்பர்ன், நடுவில் இந்தச் சிவப்புப் பாறை. எல்லாம் பக்கம் பக்கமாகத்தானே இருக்கிறது சார்? ஒரு கார் எடுத்துக்கொண்டால் போதாதா?" அந்தத் திரையில் ஒரு விரல் அகலம் பல நூறு கிலோமீட்டர் என்று சொன்னால் சிரிப்பார்கள். பரப்பில் இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மக்களோ மூன்று கோடிக்கும் குறைவு. ஊருக்கும் ஊருக்கும் நடுவே டீக்கடை இருக்கும் என்ற நம் நம்பிக்கை அங்கே செல்லாது.

நானும் அந்த விரல் அகலத்தில் ஏமாந்தவன்தான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். உலுரு என்ற அந்தச் சிவப்புப் பாறைக்குப் பக்கத்து ஊர் அது என்று நினைத்தேன், டிக்கெட்டும் மலிவு. பாறையின் அருகிலேயே யுலாராவில் ஒரு விமான நிலையம் இருப்பதும், சிட்னியிலிருந்து அங்கே நேராகவே பறக்கலாம் என்பதும், விலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் படவில்லை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பாறைக்குச் சாலை வழியே சுமார் 450 கிலோமீட்டர். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே 200 கிலோமீட்டர் போய், எர்ல்டண்டா என்ற இடத்தில் மேற்கே திரும்ப வேண்டும். அவர்கள் விமானம் இறங்கி, வரிசையில் நின்று, கார் சாவியை வாங்கும்போது மாலை நாலரை. மே மாதம், ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சாலையில் விளக்கில்லை, வேலியில்லை, தொலைபேசிச் சிக்னலும் இல்லை. ஏழரை மணி வாக்கில் புதருக்குள்ளிருந்து ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தது. இடது பக்க விளக்கு நொறுங்கி, ரேடியேட்டர் தண்ணீரெல்லாம் தார் மேல் கொட்டிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, எர்ல்டண்டாவுக்கே திரும்பக் கூட்டிப் போய் விட்டிருக்கிறார். யாருக்கும் அடியில்லை. நள்ளிரவில் எனக்குப் போன் வந்தது. "பக்கத்து ஊர் என்றீர்களே சார்" என்றார் அந்த அப்பா. வேறொன்றும் சொல்லவில்லை.

பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை ஊர் எல்லைக்கு வெளியே ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு பொருந்தாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்தப் பகுதியில் பல வாடகை நிறுவனங்கள் இப்படி ஒரு நிபந்தனை வைக்கின்றன. கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? பழுதுச் செலவு முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. டிக்கெட்டில் நான் மிச்சப்படுத்திக் கொடுத்த பணம் அதற்கு மூலைக்குக்கூடக் காணாது.

கங்காரு மட்டுமல்ல, மாடும் ஒட்டகமும்கூட வரும். ஒட்டகமா என்று கேட்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாலைவனத்தில் சுமை இழுக்க அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோனவற்றின் வழித்தோன்றல்கள்தாம் இன்று அங்கே காட்டு விலங்காகத் திரிகின்றன. அந்திக்குப் பின் ஓட்டாதீர்கள் என்று உள்ளூர்க்காரர்களே சொல்கிறார்கள். நமக்கு ஏன் இந்த வீம்பு?

அதனால் இப்போது என்னிடம் யார் வந்தாலும் பட்ஜெட்டைப் பிறகுதான் கேட்கிறேன். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது, சாவி கைக்கு வந்தபின் பகல் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

ரயிலில் போகலாமே என்பார்கள். நம் ரயிலை மனதில் வைத்துக் கேட்கும் கேள்வி அது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு குடியேற்றப் பகுதியும் தன் இஷ்டத்துக்கு ஓர் அகலத்தில் தண்டவாளம் போட்டது. சிட்னியிலிருந்து மெல்பர்ன் போகிறவர்கள் 1962 வரை எல்லை ஊரான ஆல்பரியில் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. இன்று ஒரே வண்டியில் போகலாம், சுமார் 11 மணி நேரம், விமானத்தில் ஒன்றரை. சிட்னியிலிருந்து பெர்த் வரை 4,352 கிலோமீட்டர் ஓடும் இந்தியன் பசிபிக், சாப்பாட்டோடும் படுக்கையோடும் வரும் சொகுசு வண்டி. நம் ஸ்லீப்பர் வகுப்புக் கட்டணத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆசைக்கு ஒருமுறை போகலாம். ஊர் போய்ச் சேர அல்ல.

உள்நாட்டு விமானத்தில் பொறி வேறு மாதிரி. மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பை 7 கிலோ மட்டுமே. வாசலில் எடையும் போடுவார்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, இரண்டு பெரிய பெட்டி என்று போகிற நம் குடும்பங்கள் அங்கே கட்டும் தொகையைப் பார்த்தால், பெட்டிக்கும் சேர்த்து முன்னமே டிக்கெட் எடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

காரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கட்டும், மாமனார் கார்டை நீட்டினால் சாவி கிடைக்காமல் போகலாம். மெல்பர்ன் பக்கத்தில் கிரேட் ஓஷன் ரோடு 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் மலைச்சரிவை வெட்டிப் போட்ட கடலோரச் சாலை. அதைக் காரில்தான் பார்க்க வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்ப என்னிடம் கேட்டால் மறுத்துவிடுவேன். வழியில் போர்ட் கேம்பல் என்ற ஊரில் ஓர் இரவுக்கு அறை போட்டுக் கொடுத்து, மாலை ஐந்து மணிக்குக் கார் சாவி அறை மேசை மேல் இருக்க வேண்டும் என்று பயணத் தாளிலேயே எழுதிவிடுகிறேன்.