ஐரோப்பிய பாஸ்போட்டோட லண்டனில இருக்கிற எங்கட ஆக்கள் கவனிக்க

நான் லண்டனில இமிகிரேஷன் ஆலோசனை வேலை செய்யிறன். ஹொலண்ட், ஜேர்மனி, பிரான்ஸ், டென்மார்க்கில அசூல் (அகதித் தஞ்சம்) அடிச்சு, அங்க சிற்றிசன் எடுத்து, பிறகு பிள்ளையளின்ர இங்கிலிஷ் படிப்புக்காகவோ கடை போடவோ சொந்தங்களுக்குக் கிட்ட இருக்கவோ இஞ்ச வந்த ஆக்களின்ர கேஸ்தான் இப்ப எனக்குக் கனக்க வருது, அதுவும் எல்லாம் கடைசி நேரத்தில.

அப்ப வரேக்க இவை ஒரு போமும் நிரப்பேல்லை. மாஸ்ற்றிக்ற் ஒப்பந்தம் 1993இல நடைமுறைக்கு வந்ததில இருந்து ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை எண்டு ஒண்டு இருக்கு, 2004இல வந்த சட்டத்தின்படி 5 வருஷம் முறையா இருந்தா நிரந்தரமா இருக்கிற உரிமை தானா வரும். ஜேர்மனியில வீடு மாறினாலே நகரசபையில போய்ப் பதியோணும், பிரிட்டன் அதுகூடக் கேக்கேல்லை. வானில சாமானை ஏத்திக்கொண்டு கலேயில கப்பல் ஏறி வந்து அடுத்த கிழமை வேலைக்குப் போனவை. ஆர் ஆர் நாட்டுக்குள்ள இருக்கினம் எண்ட கணக்கு அரசாங்கத்திட்டயே இல்லை, அதாலதான் பிரெக்சிற்றுக்குப் பிறகு கூடினது 41 லட்சம் பேர் எண்டு ஹோம் ஒஃபிஸ் நினைச்சிருக்க, கடைசித் திகதியான 2021 ஜூன் 30க்குள்ள, தொடர்ந்து இஞ்ச இருக்கிற உரிமை (செற்றில்ட் ஸ்ரேற்றஸ்) கேட்டு 60 லட்சத்துக்கு மேல விண்ணப்பம் வந்து குவிஞ்சது.

இதுக்குள்ள ஒரு கூத்து. 2016 வாக்கெடுப்பில, இஞ்ச விசாவோட இருந்த இலங்கைப் பாஸ்போட்காரருக்கு வோட் இருந்தது, ஏனெண்டா இலங்கை கொமன்வெல்த். இருபது வருஷமா வரி கட்டின டொச் (ஹொலண்ட்) பாஸ்போட்காரருக்கு இல்லை. ஒரே வீட்டில தம்பி வோட் போட, அக்கா பாத்துக்கொண்டிருந்த கதையெல்லாம் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வாறன். போன வருஷம் ஒரு அக்கா மகனோட வந்தா (விவரம் கொஞ்சம் மாத்தியிருக்கிறன்). 2005இல றொற்றர்டாமில இருந்து புருஷனோட வந்தவ, பெடியன் 2007இல இஞ்ச பிறந்தவன். தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் செற்றில்ட் ஸ்ரேற்றஸ் இருக்கு, பெடியனுக்குப் போடேல்லை, "இஞ்ச பிறந்தவன்தானே, அவன் பிரிட்டிஷ்தானே" எண்டு விட்டிட்டினம். யூனிவர்சிற்றிக்கு லோன் கேக்கேக்கதான் பிடிபட்டது. இஞ்ச பிறந்தா மட்டும் பிரிட்டிஷ் ஆக ஏலாது, பிறக்கேக்க தாய்க்கோ தகப்பனுக்கோ நிரந்தர உரிமை இருந்திருக்கோணும், இவைக்கு அப்ப ரெண்டு வருஷம்தான்.

நல்லகாலம், வழி இருந்தது. 2021இல அவன் சின்னப்பிள்ளை, பெற்றோர் போடாமல் விட்டதை நியாயமான காரணமா எடுப்பினம், அதால பிந்தி விண்ணப்பிக்கலாம். அதோட, இஞ்ச பிறந்து முதல் 10 வருஷத்தில எந்த வருஷமும் 90 நாளுக்கு மேல வெளிநாட்டில நிக்காத பிள்ளை பிரிட்டிஷாப் பதிய உரிமை இருக்கு, தாய் தகப்பனுக்கு என்ன விசா எண்டது அதுக்குத் தேவையில்லை. பள்ளிக்கூடக் கடிதம், டொக்டரின்ர ரெக்கோட், அந்தத் தடுப்பூசிச் சிவப்புப் புத்தகம், எல்லாத்தையும் அக்கா ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள வைச்சிருந்தா, அது பெரிய உதவி. எறிஞ்சு போடாதேங்கோ.

அடுத்தது பாஸ்போட் நம்பர். செற்றில்ட் ஸ்ரேற்றஸுக்குக் காட் கிடையாது, எல்லாம் ஒன்லைனில, நீங்கள் விண்ணப்பிச்ச நேரம் இருந்த பாஸ்போட்டோட இணைச்சிருக்கு. புதுசு எடுத்தா எக்கவுண்டில மாத்தோணும். மாத்தாமல் ஊருக்குப் போய்த் திரும்பேக்க கட்டுநாயக்காவில கவுண்டரில மறிச்சுப்போட்டு, அங்க நிண்டு எனக்குக் கோல் எடுக்கினம். எக்கவுண்டைத் திறக்கச் சொன்னா, அது 2019இல மகள் தன்ர ஃபோனால போட்டுக்குடுத்தது, மகள் கலியாணம் கட்டி அந்த நம்பரும் இப்ப இல்லை.

பென்ஷன் எடுத்து ஊரில போய் இருக்கப் போறம் எண்டு நிக்கிறவை, 5 வருஷம் தொடர்ந்து வெளிய நிண்டா செற்றில்ட் போயிடும். 5 வருஷம் ஆகாததால தற்காலிகமாக் குடுத்த பிறீ-செற்றில்ட் இருக்கிறவைக்குத் தானா செற்றில்டா மாத்தி வருகுது எண்டது உண்மைதான், ஆனா அதுக்காகக் காத்துக்கொண்டு இருக்காமல் நீங்களே போடுங்கோ.

உந்தத் தலையிடியே வேண்டாம் எண்டு பிரிட்டிஷ் எடுக்க ஓடுறவைக்கும் ஒண்டு. பிரான்ஸ்காரருக்குப் பிரச்சினை இல்லை. டென்மார்க் 2015இலயும் ஜேர்மனி 2024 ஜூனிலயும் ரெண்டு குடியுரிமையை விட்டிட்டுது. ஹொலண்ட் விடேல்லை, நீங்களா விரும்பி பிரிட்டிஷ் எடுத்தா டொச் போயிடும், அதோட ஐரோப்பாவில நினைச்ச இடத்தில வேலை செய்யிற உரிமையும் போயிடும். விலக்கு சிலது இருக்கு: கட்டினவர் பிரிட்டிஷ் எண்டா, இல்லாட்டி நீங்கள் இஞ்சயே பிறந்து இஞ்சயே இருக்கிறீங்கள் எண்டா இழக்க மாட்டியள். அந்தப் பெடியன் இதாலதான் ரெண்டையும் வைச்சிருக்கலாம், அக்கா இப்ப எடுத்தா இழப்பா. ஒரு குடும்பத்தில ஆர் முதல் எடுக்கிறது எண்டதே பெரிய முடிவு, சத்தியப்பிரமாணத்துக்குப் போக முதல் டொச் சட்டம் தெரிஞ்ச ஆளிட்ட கேளுங்கோ.

கடையில போம் நிரப்பித் தாற அண்ணைமாரிட்ட இதைக் கேக்காதேங்கோ. அனுமதி இல்லாமல் இமிகிரேஷன் ஆலோசனை சொல்லுறது 1999 சட்டப்படி குற்றம். பதிவு இருக்கோ எண்டு ஒன்லைனில பேரைப் போட்டுப் பாக்கலாம், என்ர பேரையும் சேர்த்துத்தான்.