முதல் ஊசிக்கு முன்னால்

வாழப்பாடிப் பக்கம் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்குச் சினை ஊசி போடுபவரைத் தெரியாமல் இருக்காது. எங்கள் கலப்பினப் பசு பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கியதும் அப்பா அவருக்கு ஆள் அனுப்புவார். மொபெட்டின் பின்னால் கட்டிவந்த கேனைத் தொழுவத்து வாசலில் இறக்கி, அவர் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையோடு தவழும். நீண்ட இடுக்கியை உள்ளே விட்டு, விளக்குமாற்றுக் குச்சி போன்ற மெல்லிய குழல் ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போடுவார். அந்த நீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. குழலுக்குள் இருந்தது காளையின் உறைந்த விந்து. அந்தக் காளை செத்தே பல காலம் ஆகியிருக்கலாம். ஆனாலும் எங்கள் வீட்டில் கன்று பிறந்தது.

மனிதர்களுக்கும் இதே வழி உண்டு என்பது எங்கள் குடும்பத்துக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. என் அத்தை மகனுக்கு 23 வயதில் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். கீமோதெரபி எடுத்துக்கொண்டு நல்லபடியாகப் பிழைத்துவிட்டான். திருமணமாகி நான்கு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது விந்தில் ஓர் அணுகூட இல்லை. முடி கொட்டும், வாந்தி வரும், வாய் புண்ணாகும் என்று முன்கூட்டியே சொன்னவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. "பிள்ளை பிழைத்து வந்தால் போதும்" என்பதுதான் அன்று அத்தையின் வாயிலிருந்த ஒரே வார்த்தை.

முடி கொட்டுவதற்கும் விந்தணு அற்றுப்போவதற்கும் காரணம் ஒன்றே. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்துகள் தேடித் தாக்குகின்றன. புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. முடியின் வேரும் அப்படித்தான், ஆணின் விதைக்குள் (விந்தகத்துக்குள்) இருக்கும் நுண்குழாய்களும் அப்படித்தான். அந்தக் குழாய்களின் சுவரோரம் மூலச்செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து, மேலும் பலமுறை பிரிந்து, தலையும் வாலும் பெற்ற விந்தணுவாக மாற ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. நடுக்கட்டத்தில் பரபரப்பாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் மருந்துக்கு முதலில் மடிகின்றன. மூலச்செல்கள் மெதுவாகப் பிரிபவை என்பதால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வயலில் நின்ற பயிர் அழிந்தாலும் குதிரில் விதைநெல் இருந்தால் மறுபடி விதைக்கலாம் அல்லவா? அதுபோலத்தான். மூலச்செல்கள் தப்பினால் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ விந்தணு திரும்பும். அவையும் அழிந்துவிட்டால் திரும்பாது.

எது நடக்கும் என்பது மருந்தையும் அதன் மொத்த அளவையும் பொறுத்தது. டி.என்.ஏ.வோடு நேரடியாகப் பிணைந்து அதைச் சிதைக்கும் சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின், புசல்ஃபான் போன்றவை அதிக ஆபத்தானவை. கதிர்வீச்சிலும் விதையின் மீது 4 கிரேக்கு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் விழுந்தால் இழப்பு நிரந்தரமாகக்கூடும். அருகில் உள்ள உறுப்புக்குக் கதிர் கொடுக்கும்போது ஈயக் கவசம் வைத்து விதையை மறைப்பது இதனால்தான்.

இதில் கொடுமையானது, உள்ளே இவ்வளவு நடந்தும் வெளியே ஒன்றும் தெரியாது என்பது. ஆண் ஹார்மோனைச் சுரக்கும் லெய்டிக் செல்கள் வேறு வகை. அவை மருந்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. மீசை, குரல், ஆசை, தாம்பத்தியம் எல்லாம் பழையபடியே இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒழிய அந்த இளைஞனுக்கே தெரிய வழியில்லை.

ஆகவே, சிகிச்சைக்கு முன்பே விந்தை எடுத்து உறையவைத்துவிட வேண்டும். சொல்ல எளிது. உயிருள்ள செல்லை உறையவைப்பது எளிதல்ல. நம் ஊர் மல்கோவாவைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து மறுநாள் வெளியே எடுத்துப் பாருங்கள். கொழகொழவென்று குழைந்து நீர் விட்டிருக்கும். உள்ளிருந்த நீர் ஊசி ஊசியான பனிப்படிகமாகிச் செல்களின் சுவரைக் கிழித்துவிட்டது. விந்தணுவுக்கும் இதே கதிதான் ஏற்பட்டுக்கொண்டிருந்தது, 1949 வரை. அந்த ஆண்டு இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைக்க முயன்றார்கள். சீட்டு மாறி ஒட்டப்பட்ட ஒரு புட்டியைப் பயன்படுத்தியபோது அணுக்கள் உயிரோடு மீண்டன. சோதித்துப் பார்த்தால் புட்டியில் இருந்தது கிளிசரால்! அது நீரோடு கலந்து, பனிப்படிகம் பெருகாமல் தடுத்துச் செல்லைக் காக்கிறது. நான்கே ஆண்டுகளில், 1953இல், அமெரிக்காவின் அயோவாவில் ஷெர்மனும் பன்ஜும் உறைந்த விந்தணு மூலம் மனிதக் கரு உருவானதை அறிவித்தார்கள்.

இன்றும் செய்முறை அதுதான். எடுத்த விந்து அரை மணி நேரத்தில் இளகும். எண்ணிக்கையும் ஓட்டமும் பார்த்த பின், கிளிசரால் கலந்த காப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சிறு குழல்களில் அடைத்து, நைட்ரஜன் ஆவியில் குளிரவைத்துப் பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். அந்தக் குளிரில் செல்லுக்குள் எந்த வேதிவினையும் நடக்காது. எனவே அதற்கு வயதும் ஏறாது. இங்கிலாந்தில் 17 வயதில் விதைப் புற்றுநோய் வந்த ஒருவர் சேமித்துவைத்த விந்தணுவிலிருந்து 21 ஆண்டுகள் கழித்துக் குழந்தை பிறந்திருக்கிறது.

உருக்கும்போது பாதி அளவு அணுக்கள் இறந்துபோவது சாதாரணம். விதைப் புற்றுநோயிலும் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோயிலும் சிகிச்சைக்கு முன்பே எண்ணிக்கை குறைந்திருப்பதும் உண்டு. ஒரு காலத்தில் "இதைச் சேமித்துப் பயனில்லை" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். 1992இல் பெல்ஜியத்தில் வெற்றிகண்ட இக்சி முறை அதை மாற்றிவிட்டது. நுண்ணூசியால் ஒரே ஓர் அணுவை எடுத்து நேராகச் சினைமுட்டைக்குள் செலுத்துகிறார்கள். முட்டைக்கு ஓர் உயிருள்ள அணு கிடைத்தால் போதும். ஆகவே எண்ணிக்கை குறைவு என்று யாரும் சோர்ந்து பின்வாங்க வேண்டாம்.

கையால் எடுத்துக் கொடுக்க முடியாதவர்களுக்கு மயக்கம் கொடுத்து விதையிலிருந்தே எடுக்கும் வழி இருக்கிறது. பருவமடையாத சிறுவர்களிடம் விந்தணு இன்னும் உருவாகியிருக்காது. அவர்களுக்கு விதைத் திசுவை உறையவைப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இப்படி உறையவைத்த திசுவைத் திரும்பப் பொருத்தி, அதிலிருந்து ஒரு குரங்குக் குட்டி பிறந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். ஒரு முறை கொடுத்துவிட்டு, ஓரிரு நாள் இடைவெளி விட்டு மறுமுறை கொடுக்கலாம். தீவிர ரத்தப் புற்றுநோய் போல ஒரு நாளும் பொறுக்க முடியாத நிலையில், அன்றைக்கே ஒரு முறை எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் முதல் கீமோ ஏறிய பிறகு எடுப்பது நல்லதல்ல, மருந்து பட்ட அணுவில் மரபுக் கோளாறு இருக்கக்கூடும். சேமிப்பது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டியவர் அப்பாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், மணமாகாத அந்தப் பையனாகவே இருக்கலாம். பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு மருத்துவர் அவனிடம் தனியாகப் பேசுவது மிகவும் நல்லது. 18 வயதுப் பையன் அம்மா முன்னால் இதற்கு எப்படி வாய் திறப்பான்?

விந்தைச் சேமிக்கும் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சேமிக்கும் முன் அதைக் கேட்பார்கள். ஆண்டுக் கட்டணம், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் எடுத்துவந்தால் உடல் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குள் வீடு இருப்பவர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருவதற்குள்ளேயே அந்த நேரம் கரைந்துவிடும். முந்தின நாளே சேலத்துக்கு வந்து தங்கி, ஆய்வகத்திலேயே கொடுப்பதுதான் சரி.