ஒன்றரை வயதில் கேட்ட சங்கு

"அப்பா ரொம்பப் பொய் சொல்றார் டாக்டர்." ரங்கூனில் என்னிடம் அவரை அழைத்து வந்த மகள் இப்படித்தான் ஆரம்பித்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பெரியவர் பிறந்தது 1940-இல். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டதைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்வார். அபாயச் சங்கு, இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மா, வழியில் கழன்று விழுந்த ஒற்றைக் கொலுசு. இப்போது புதிதாக மகளின் பெரியப்பாவும் கூட ஓடுகிறார். அவரோ அப்போது தஞ்சாவூரில் இருந்தவர்!

இது பொய் இல்லை. மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் யாருக்கும் தங்குவதில்லை. அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டது இவருக்குள் படமாகிவிட்டது. பழையதை எடுக்கும்போதெல்லாம் மூளை அதைத் திரும்பச் சமைக்கிறது. சாமான் குறைந்தால் கையில் கிடைத்ததைப் போட்டுவிடும்.

கேள்வியே சாமானாவதும் உண்டு. 1974-இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் காட்டிக் கேள்வி கேட்டார்கள். "மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்களைவிட "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத கண்ணாடிச் சில்லைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

இதைச் சொன்னதும் மகள் யோசித்தார். போன வருஷம் பேரன் போனில் வீடியோ எடுத்தபோது, "பெரிய தாத்தாவும் கூட வந்தாரா?" என்று கேட்டானாம். சரி, ஆள் உள்ளே வந்த வழி தெரிந்துவிட்டது.

நான் பயப்படுவது வேறு மறதிக்கு. கேட்டதையே அரை மணிக்குள் பலமுறை கேட்பது, பழகின கடைக்கு வழி தவறுவது, சில்லறைக் கணக்குத் தடுமாறுவது. பெரியவரிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். "மொஹிங்கா. மீனே இல்லை, விலை மட்டும் ஏறிப்போச்சு" என்று அந்த பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்பைக் குறை சொன்னார். மகளும் ஆமோதித்தார். ஆனாலும் தைராய்டுக்கும் வைட்டமின் பி12-க்கும் ரத்தப் பரிசோதனை எழுதினேன். அந்தக் குறைகளால் வரும் மறதிக்கு மருந்து இருக்கிறது. தூக்க மாத்திரை போடுகிறாரா என்றும் கேட்டுக்கொண்டேன். அதை வீட்டில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்தக் கொலுசு வெள்ளி, தம்பி."

"போன மாசம் தங்கம்னு..." என்று மகள் வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.