தன்னறிதலா, சுய விழிப்புணர்வா?

புதுச்சேரி சேதராப்பட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்களுக்கு நடத்தவிருந்த இரண்டு நாள் பயிற்சிக்காக, ஆங்கிலக் கையேடு ஒன்றின் தமிழ் வடிவத்தைப் பிழை திருத்தித் தரும் வேலை எனக்கு வந்தது. தன்னைத் தான் அறிவதைக் குறிக்கும் 'செல்ஃப்-அவேர்னஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, முதல் பாடத்தின் தலைப்பே 'சுய விழிப்புணர்வு' என்றிருந்தது. மாற்றச் சொன்னேன்; அட்டை அச்சாகிவிட்டது என்றார்கள். பயிற்சி நாளன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "உங்களில் எத்தனை பேருக்குச் சுய விழிப்புணர்வு இருக்கிறது?" என்று பயிற்றுநர் கேட்டதும் ஷிப்ட் பொறுப்பாளர் ஒருவர் எழுந்து, "எனக்கு இருக்குங்க சார். மூணு மாசத்துக்கு ஒரு தடவ சுகர் டெஸ்ட் எடுத்துடுறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அங்கிருந்த எல்லாரும் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளையே கொண்டிருந்தார்கள். அவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். கையேட்டை எழுதியவருக்குத்தான் தமிழ் புரியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'செல்ஃப்-அவேர்னஸ்' என்பதில் உள்ள 'அவேர்', பழைய ஆங்கிலத்தில் 'எச்சரிக்கையாக இருக்கிற' என்ற பொருளில் வழங்கியது. 'பிவேர்' அதன் உறவுச்சொல். இன்று அப்பொருள் தேய்ந்து 'அறிந்திருக்கிற' என்பதே நிலைத்துவிட்டது. தமிழில் 'சுய' என்பது 'ஸ்வயம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. 'தான்', 'தன்' என்பன திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானவை. 1925இல் தொடங்கிய இயக்கத்தின் பெயராகவே ஊன்றிவிட்ட 'சுயமரியாதை'யைப் பிடுங்கி எறியச் சொல்லும் அளவுக்கு நான் தனித்தமிழ்ப் பிடிவாதக்காரன் அல்லன். ஆனால் தன்னம்பிக்கை, தன்னலம், தன்னடக்கம், தன்வரலாறு, தற்சார்பு என்று இத்தனை சொற்களை ஈன்ற 'தன்' கைக்கெட்டும் தொலைவில் இருக்க, புதிதாக ஆக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் 'சுய'வைத் தேடிப்போவது சோம்பலன்றி வேறில்லை.

இருப்பினும் என் பெரிய சண்டை 'சுய'வோடு அன்று, 'விழிப்புணர்வோடு'. கடலூர்க்காரனான எனக்கு அந்தச் சொல்லின் நடமாட்டம் நன்றாகத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் எங்கள் கரையைக் கடந்துபோன பிறகும், தேவனாம்பட்டினத்திலும் பிற மீனவ ஊர்களிலும் அந்தச் சொல் ஒலிபெருக்கி வழியே வந்தது. டெங்கு விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு, தலைக்கவச விழிப்புணர்வு என்று புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே பதாகை பிடித்து நடப்பவர்களிடமும் அதே சொல்தான் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு: ஆபத்து வெளியே இருக்கும், அதை அறிந்த ஒருவர் அறியாத பலருக்குச் சொல்வார், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அதனால்தான் அந்தச் சொல்லோடு 'ஏற்படுத்து' என்ற வினை ஒட்டிக்கொண்டே வருகிறது. விழிப்புணர்வு ஏற்படுத்தினார்கள் என்றால் செய்தி. ஒருவருக்குத் தன்னைப் பற்றிய அறிவை ஏற்படுத்தினார்கள் என்று யாரேனும் எழுதினால் அது வேடிக்கை.

இனி, இந்தக் கருத்து எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். 1955இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் ஆகிய இருவரும் தங்கள் பெயர்களையே இணைத்து 'ஜோஹாரி சாளரம்' என்ற படத்தை வகுத்தார்கள். அதில் நான்கு கட்டங்கள் உண்டு: எனக்கும் தெரிந்து பிறருக்கும் தெரிந்தவை, பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதவை, எனக்குத் தெரிந்தும் நான் மறைப்பவை, இருவருக்குமே தெரியாதவை. பயிற்சியறைகளில் பெரிதும் பேசப்படுவது இரண்டாம் கட்டம். தான் நிதானமாகப் பேசுவதாக நம்பிக்கொண்டு, இயந்திர இரைச்சலையும் மீறிக் கத்துகிற பொறுப்பாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தூங்கவில்லை. அந்தக் கூடத்திலேயே அதிக விழிப்போடு இருப்பவர் அவர்தான். யார் ஐந்து நிமிடம் பிந்தி வந்தார், யார் தேநீர் இடைவேளையை நீட்டினார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் குரல் மட்டும் அவருக்குத் தெரியாது. அவரிடம் விழிப்புக் குறைவு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நண்பர் ஒருவர் இதற்கு நல்ல சான்று தந்தார். ஊரைத் திரட்டிச் செய்யும் விழிப்புணர்வுப் பரப்புரைக்குப் பிரெஞ்சில் 'சான்சிபிலிசாசியோன்' என்று ஒரு சொல்; தன்னைத் தான் அறிவதற்கு 'கோன்சியான்ஸ் து சுவா' என்று வேறொரு தொடர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'அவேர்னஸ்' என்ற ஒரே சொல் ஓடுகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தின் அந்த வறுமையையும் சேர்த்தே இறக்குமதி செய்துவிட்டார்கள். அகராதியில் 'அவேர்னஸ்' என்பதற்கு நேரே எது இருக்கிறதோ அதை எடுத்து, முன்னால் ஒரு 'சுய'வை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கருத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பவரைக் காண்பது அரிதாகிவிட்டது.

வடலூர் நண்பர் ஒருவர் எனக்கு எதிர்க்கட்சி. வள்ளலார் பெயரோடு வழங்கும் 'பசித்திரு, தனித்திரு, விழித்திரு' என்பதைக் காட்டி, "விழிப்பு என்பதே அகத்தைப் பார்ப்பதுதானே?" என்றார். அந்த 'விழித்திரு'வுக்கு அவ்வளவு ஆழம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தருமச்சாலையில் நின்று கேட்கும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கும் ஆழம், மனிதவளப் பிரிவின் சுற்றறிக்கைக்குக் கூடவே வந்துவிடாது. சொல் எங்கே வழங்குகிறதோ அங்குள்ள பொருள்தான் கேட்பவர் காதில் விழும்.

'தன்னுணர்வு' என்று எழுதுவோரும் உண்டு. பழுதில்லை, ஆயினும் உணர்வு என்றதும் பணியிடத்தில் உணர்ச்சிதான் நினைவுக்கு வருகிறது, தன் வலிமையையும் குறையையும் நிறுத்துப் பார்க்கும் செயல் பின்னுக்குப் போய்விடுகிறது. 'தன்னறிவு' என்றால் 'தன் புத்தி, சொல் புத்தி' என்று வீட்டில் திட்டுவார்களே, அந்தத் தன் புத்தியாகிவிடும்.

என் பரிந்துரை 'தன்னறிதல்'. இந்த அச்சு நம்மிடம் பழையது. குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், அவையறிதல் என்று அதிகாரங்களே இருக்கின்றன; இந்த நான்கும் பொருட்பாலில், அரசும் அமைச்சும் வினை செய்வதைப் பேசும் பகுதியில் இருக்கின்றன. 'தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை' என்ற திருமந்திர அடியை வைத்து, தன்னறிதல் என்றால் ஆன்மிகமாக ஒலிக்காதா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. 'உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்' என்ற குறளில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது? தன் வலிமை இவ்வளவு என்று அறியாமல், வேகத்தில் ஒரு வேலையை ஏற்று நடுவில் முறிந்துபோனவர்களை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். 'ஏற்படுத்து' இந்தச் சொல்லோடு ஒட்டாது என்பதும் ஒரு நன்மை. அறிதல் அவரவர் செய்ய வேண்டிய வினை.

அதே கையேட்டில் 'தனிப்பட்ட வளர்ச்சி' என்றும் இருந்தது. 'தனிப்பட்ட விவகாரம்', 'தனிப்பட்ட விரோதம்' என்று பேசிப் பழகிய நமக்கு அது ஏதோ மறைவாக வளர்கிற ஒன்றாகத் தோன்றுகிறது. 'ஆளுமை வளர்ச்சி' என்று முன்பே வழங்கும் சொல் இருக்கிறது, அதையாவது விட்டுவைத்திருக்கலாம்.

'செல்ஃப்-அவேர்' என்று ஒருவரைக் குறிக்க வேண்டிய இடத்தில் பெயர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். 'தன்னை அறிந்தவர்' என்று எழுதினால் போதும். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரும்போது இரட்டும் என்பதால் 'தன்னறிதல்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்தெழுத வேண்டும். இடையில் கோடு வேண்டாம்.

அடுத்த பயிற்சிக்கு அந்தத் தொழிற்சாலை என் சொல்லை ஏற்றுக்கொண்டது. வாயிலில் தொங்கிய பதாகையில் 'தன்னறிதல் விழிப்புணர்வு முகாம்' என்று எழுதியிருந்தார்கள். சிவப்பு மையை எடுக்கலாம் என்று போனேன். படித்துப் பார்த்ததில் குற்றம் சொல்ல இடமில்லை. விழிப்புணர்வு அங்கே அதற்குரிய இடத்தில்தான் நின்றிருந்தது.