டிப்ரஷன்: மன அழுத்தமா, மனச்சோர்வா?

ஐப்பசி பிறந்துவிட்டால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் டீக்கடை வரைக்கும் ஒரு சொல் புழங்கும்: காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஆங்கிலத்தில் அது டிப்ரஷன். மனநல மருத்துவர் சீட்டில் எழுதுவதும் அதே டிப்ரஷன்தான். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்துக்கும் அதே பெயர்.

வேர் லத்தீன். 'கீழே அழுத்து' என்று பொருள். டிப்ரஷன் என்ற பெயர் வருமுன் இந்த நோயை ஐரோப்பிய மருத்துவர்கள் 'மெலங்கோலியா' என்றார்கள். கிரேக்கத்தில் அது கரும்பித்தம். பித்தம் கூடினால் மனசு கெடும் என்ற நம்பிக்கை நமக்கும் புதிதல்ல. 'பித்தம் தலைக்கேறிப்போச்சு' என்று இன்றும் திட்டுகிறோமே!

தமிழில்தான் சிக்கல். லத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்று எழுதுகின்றன. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதையே எழுதுகின்றன. இரண்டும் ஒன்றா? ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா, திறக்காதா என்று கிடந்து தவிப்பது மன அழுத்தம். தண்ணீர் வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிய பிறகும் வரப்புப் பக்கமே போகப் பிடிக்கவில்லை என்றால், அதற்குப் பெயர் மனச்சோர்வு. டிப்ரஷனுக்குச் சரியான தமிழ் இதுதான் என்பது என் கட்சி.

'சோர்' என்றால் தளர், வாடு, நழுவு. கண்ணீர் சோரும், கூந்தலும் சோரும். 'சோர்விலாள் பெண்' என்கிறது 56-ஆம் குறள். அங்கே சொல்வது கடமையில் தளராததை. நம் வீடுகளிலோ, பெண் என்றால் சோரவே கூடாது என்றாகிவிட்டது. அதனால் மனச்சோர்வு என்ற சொல் அவர்கள் வாயில் வருவதில்லை. 'உடம்பெல்லாம் அசதி', 'தலை பாரமா இருக்கு', 'எதுலயும் மனசு ஒட்டல' என்பார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுபவர். ஒரு வருஷம் தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சோறு இறங்கவில்லை. கால் உளைச்சல் என்று போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார், இரண்டு முறை. தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இப்படி நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்றவர்களிலும் பத்தில் ஒருவருக்கு மேல் இது வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சை உடம்புக்காரி காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் அதட்டாதீர்கள். 'நான் இல்லாட்டி யாருக்கு என்ன' என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனாஸ் எண் 14416. காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். மனச்சோர்வு என்ற சொல் தெரிந்திருக்க வேண்டியதுமில்லை, 'அசதியா இருக்கு' என்று தொடங்கினால் போதும்.