இரண்டு சுற்று ஏறி இறுகும் நட்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் படங்களோடு கேள்வி அனுப்பியிருக்கிறார். அப்பப்பா காலத்து வில்லிஸ் ஜீப் ஒன்று கொட்டிலுக்குள் நிற்கிறதாம். பின்பக்க மூலைகளில் இருக்கும் இரண்டு சாமான் பெட்டிகளையும் திறந்தால் உள்ளே குவியலாகப் போல்ட், நட், கிறீஸ் பிடித்த ஸ்பனர்கள். எதுவும் எதனோடும் சேரவில்லை. ஒரு ஸ்பனரில் 1/4 என்று பொறித்திருக்கிறது, வாயோ அரை அங்குலத்தைவிடப் பெரிது. இவற்றில் ஜீப்புக்கு உரியது எது?

முதலில் ஒரு விடயம். நாங்கள் இருப்பது போர் நடந்த வன்னியில். பழைய வாகனத்துக்குள்ளோ அது நின்ற நிலத்திலோ இன்னதென்று தெரியாத உலோகத் துண்டு கிடந்தால் தொடவேண்டாம், தட்டவேண்டாம், துரு போக்க மண்ணெண்ணெயில் ஊறவைக்கவும் வேண்டாம். விலகி வந்து பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். கீழே சொல்வதெல்லாம் போல்ட், நட், ஸ்பனர் என்று நிச்சயமாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும்.

ஒரே பெட்டிக்குள் இத்தனை வகை சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது. 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமும் கண்டிக்கு வந்தது. அமெரிக்க ஜீப்பும் பிரித்தானிய லொறியும் ஒரே தீவில் ஓடின. பிறகு லாண்ட் றோவர் வந்தது, அதற்குப் பிறகு மில்லிமீற்றர் அளவுகளோடு ஜப்பான் வாகனங்கள். உள்நாட்டுப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காமல், பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களில், கைக்குக் கிடைத்த போல்ட்தான் அந்த ஓட்டைக்குரிய போல்ட்.

சில அடையாளங்கள் கண்ணுக்கே தெரியும். போல்ட் தலையில் போர்ட் கம்பனியின் சாய்ந்த ‘எப்’ எழுத்து இருந்தால் அது போர்ட் செய்த ஜீப்பிலிருந்து வந்திருக்கலாம். வில்லிஸின் வடிவமைப்பை வைத்தே போர்ட்டும் ஜீப் செய்தது. கருவியில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது பிரித்தானிய அரசின் சொத்தாக இருந்தது. அதே அம்பு ‘சி’ எழுத்துக்குள் இருந்தால் கனடா. தலையில் 8.8 போன்ற இலக்கம் இருந்தால் அது மில்லிமீற்றர் வகை, பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

அந்த 1/4 ஸ்பனருக்கு வருவோம். பழைய பிரித்தானிய முறையில் ஸ்பனரில் பொறிப்பது வாயின் அகலத்தை அல்ல, அது பிடிக்கும் போல்ட்டின் தண்டு விட்டத்தை. 1/4 அங்குல விட்வர்த் (பழைய பிரித்தானியத் திருகு அளவுமுறை) போல்ட்டின் தலை 0.525 அங்குலம், ஏறத்தாழ 13.3 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் நுழையாது. 14 நுழையும், ஆனால் தலையின் மூலையை உருட்டிவிடும். அதே வாய் 5/16 பிஎஸ்எப் (பிரித்தானிய நுண்புரி) போல்ட்டுக்கும் சரிவரும், பிஎஸ்எப் தலைகள் ஒரு படி சிறியவை என்பதால். அமெரிக்க ஸ்பனரில் பொறித்திருப்பது வாயின் அகலமேதான். ஆகவே ஜீப்பின் சொந்த ஸ்பனர்களைப் பிரித்தெடுக்க ஓர் அடிமட்டம் போதும். பொறித்த அங்குல எண்ணும் வாயின் அகலமும் ஒன்றாக இருந்தால் அது அமெரிக்க அளவு.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம், போல்ட்டின் தண்டைச் சுற்றி ஓடும் புரி.

5/16 அங்குல போல்ட் இரண்டை எடுங்கள், தச்சர் கணக்கில் இரண்டரை நூல். ஒன்று ஜீப்பில் வரும் அமெரிக்க நுண்புரி, அங்குலத்துக்கு 24 புரி. மற்றது லாண்ட் றோவரின் முதல் வகைகளில் வரும் பிஎஸ்எப், அங்குலத்துக்கு 22. தடிப்பு ஒன்றே. ஒரு புரிக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் முதலாவதில் 1.06 மில்லிமீற்றர், இரண்டாவதில் 1.15. வித்தியாசம் ஒரு தலைமயிர் தடிப்பளவு. எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது.

ஆனால் ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றிப் பாருங்கள். முதல் சுற்று இலகுவாகப் போகும். இரண்டாவதில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்குப் பிறகு இறுகிவிடும். ஏன்? நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் வேண்டுமென்றே சிறு தளர்வு விட்டிருப்பார்கள். முதல் புரியின் பிழையை அந்தத் தளர்வு விழுங்கிவிடும். இரண்டாவது புரி உள்ளே வரும்போது பிழையும் இரண்டு மடங்கு, மூன்றாவதில் மூன்று மடங்கு. நட்டின் உயரத்துக்குள் ஆறு புரி என்று வைத்தால் சேர்ந்த பிழை அரைப் புரிக்கு வந்துவிடும். பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் மேடு நிற்கும். அதற்கு மேல் பலத்தைப் போட்டால் நட் போகும், புரியை வெட்டிக்கொண்டு.

நட்டே இல்லாமலும் இதைப் பார்க்கலாம். இரண்டு போல்ட்டையும் புரியோடு புரி சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தொடக்கத்தில் பல்லோடு பல் கோர்த்திருக்கும். கால் அங்குலம் தள்ளி மேட்டுக்கு மேல் மேடு ஏறி, இடையில் வெளிச்சம் தெரியும். அரை அங்குலத்தில் 11 புரியும் 12 புரியும் முடிந்து மறுபடி கோர்க்கும். பள்ளிக்கூடத்து வேணியர் இடுக்குமானி இயங்குவதும் இதே தத்துவத்தில்தான். கண்ணால் பிரிக்க முடியாத வித்தியாசத்தைப் பல தடவை கூட்டிக் கண்ணுக்குக் காட்டுகிறது. இரண்டு துருப்பிடித்த போல்ட்டுக்குள் இவ்வளவு நுட்பமான அளவுகருவி ஒளிந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும்.

பழைய மெக்கானிக்மார் இரண்டாவது சுற்றிலேயே விரலால் உணர்ந்து நட்டைக் கழற்றிவிடுவார்கள். ஊரில் அதைக் கைராசி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அளவீடு. மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கை விரல் நுனியால் அளப்பது. தடைக் காலத்தில் பாகங்களைக் கடைந்து, பொருத்தி, ஓடவைத்தவர்களின் அறிவு எங்காவது முறையாக எழுதப்படவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, பக்கத்திலேயே ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. மாணவர்கள் கராஜ்களுக்குப் போய் இவற்றைப் பதிவு செய்ய ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் போதும். பெரிய ஆய்வுகூடம் கட்டும் செலவில் ஒரு துளிகூட ஆகாது.

சரி, வெளிச்சச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்றும் உண்டு. 5/16 விட்வர்த் பெரும்புரியும் அதே தடிப்பில் அமெரிக்கப் பெரும்புரியும் அங்குலத்துக்கு 18தான். நட் இடறாமல் ஏறும். ஆனால் விட்வர்த் புரியின் கோணம் 55 பாகை, அமெரிக்கப் புரியின் கோணம் 60. சரிவோடு சரிவு முழுதாய்ப் படியாமல் ஒரு விளிம்பில் மட்டும் தொடும். கொட்டிலில் நிற்கும்வரை பிரச்சினை இல்லை, ஒழுங்கை அதிர்வில் தளரலாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள், விட்வர்த்தின் மேடும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். சந்தேகமானதை பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ போடவேண்டாம்.

இன்னொன்று, சில்லைக் கழற்றப் போகிறவர்களுக்கு. இந்த ஜீப்பின் இடது பக்கச் சில்லு நட்டுகள் இடப்புரி. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், ஸ்டட் (சில்லு நட் ஏறும் தண்டு) முறியும்வரை. ஸ்டட் நுனியில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று துருவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, வலப்பக்கமாகத் திருப்பி அவிழ்க்கவேண்டும்.