தீபாவளிக்குப் பின் ஏறிய இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது?

பினாங்கில் தீபாவளி ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. அன்று காலை இட்லியோடு ஆட்டிறைச்சிப் பிரட்டல். அதற்கப்புறம் வரும் சனி ஞாயிறுகளில் பட்டர்வர்த், ஆயர் ஈத்தாம், பாயான் பாரு என்று வீட்டுக்கு வீடு ஓப்பன் ஹவுஸ். நெய் உருண்டை டப்பா மூடவே படாது. வாரக் கடைசியில் எடை மெஷினில் ஏறிப் பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருக்கும். அடுத்த நாளே ஜூஸ் விரதம் தொடங்கிவிடுவார்கள் நம் ஆட்கள்.

கொஞ்சம் பொறுங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், வழக்கமான சாப்பாடு போக இன்னும் 15,000 கலோரியாவது உள்ளே போயிருக்க வேண்டும். நாளுக்கு 2,000 கலோரி போதும் என்கிற ஒருவருக்கு அது ஒரு வாரச் சாப்பாடு. எந்த அத்தை எவ்வளவு வற்புறுத்திப் பரிமாறினாலும் இரண்டு மூன்று நாளில் அது நடக்காது.

அப்படியானால் ஏறியது என்ன? பெரும்பாலும் தண்ணீர்தான். சோற்றிலும் பலகாரத்திலும் உள்ள மாவுச்சத்தைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் வரை இடமுண்டு. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். இதோடு உப்பு வேறு. உடலில் கூடுதலாகத் தங்கும் 9 கிராம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரை இருத்திவைக்கும். முறுக்கு, ஊறுகாய், பிரட்டல் மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் உப்புக்கா பஞ்சம்? அதிகப்படி உப்பைச் சிறுநீரகம் வெளியேற்ற இரண்டு மூன்று நாளாகும். மோதிரம் இறுகுவதும் இதனால்தான்.

ஜூஸ் விரதத்தில் முதல் மூன்று நாள் எடை மளமளவென்று குறைவதன் ரகசியமும் இதுவே. கிளைகோஜன் தீரும், தண்ணீர் போகும். மறுபடி சோறு சாப்பிட்டதும் திரும்பி வரும். நஞ்சை வெளியேற்றுகிறோம் என்ற பேச்சும் வேண்டாத ஒன்று. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் யாரும் சொல்லாமலே பார்க்கின்றன.

குடித்தவர்கள் கணக்கு வேறு. 320 மில்லி பீர் டின் ஒன்றில், 5 விழுக்காடு என்றால், சுமார் 12 கிராம் ஆல்கஹால் இருக்கும். கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் சமாளிக்கும். ஆல்கஹாலைச் சேர்த்து வைக்க உடலில் இடமே இல்லை. அதனால் வரிசையை மீறி உள்ளே நுழையும் ஆளைப்போல அது முதலில் எரிகிறது, கொழுப்பு காத்திருக்கிறது. அதே வேளையில் சாப்பிட்ட பிரட்டலின் எண்ணெய் நேராகச் சேமிப்புக்குப் போகும். பசியையும் குடி தூண்டிவிடும். நள்ளிரவில் நாசி கண்டார் கடையில் கூட்டம் நிற்பது சும்மா இல்லை. போதையில் சீக்கிரம் கண் அசந்தாலும் பின்னிரவுத் தூக்கம் துண்டு துண்டாகும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். எனவே பண்டிகைக்குப் பின் முதலில் சரிசெய்ய வேண்டியது தட்டை அல்ல, தூக்கத்தைத்தான் என்பேன்.

அடுத்தது நடை. சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் நடந்தால் போதும். வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தண்ணீர்மலைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. மற்றவர்களுக்கு அடுக்குமாடியைச் சுற்றி இரண்டு சுற்று.

சாப்பாட்டில் பெரிய புரட்சி வேண்டாம். வேளை தவறாமல் பசியாறுங்கள், காய்கறியும் பருப்பும் கூடட்டும், இனிப்பான பால் தேநீரான தே தாரேக்குக்குப் பதில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர்களும் திடீரென்று நிறுத்தும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம், வலிப்பு வரைகூடப் போகலாம்.

பத்து நாள் கழித்து, காலையில் வெறும் வயிற்றோடு எடை பாருங்கள். அப்போதும் அரைக் கிலோ மிச்சம் நின்றால், கொழுப்பு என்று சந்தேகப்பட வேண்டியது அதை மட்டும்தான். நாளுக்கு 200 கலோரி குறைத்தால் அது கரைய மூன்று வாரம் போல ஆகும்.